பீரோவின் தரை

பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறுங்கள் என்று எனிட் ரேக்லி சொன்னதும், லண்டனிலிருந்து வந்திருந்த அமைச்சக அதிகாரி, காதில் சரியாகத்தான் விழுந்ததா என்பது போலப் பக்கத்தில் நின்ற தொழிற்சாலை முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஏற்கெனவே குனிந்து தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அதிகாரியும் அவிழ்த்தார். அவருடைய இடது காலுறையிலிருந்து பெருவிரல் எட்டிப் பார்த்தது. யுத்தம் தொடங்கி நாலாவது வருஷம். ஓட்டையில்லாத காலுறை அப்போது இங்கிலாந்தில் யாரிடம் இருந்தது? எனிட் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அவர் சரிவுப் பலகையில் ஏறி உள்ளே போய், தரையைப் பார்த்து, ஒரு கணம் மேலே நடக்காமல் நின்றதை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டாள்.

நின்று பார்க்க வேண்டிய தரைதான். சில்டர்ன் குன்றுகளின் பீச் மரங்களைத் தின்றே மூன்று தலைமுறையாக வளர்ந்த நாற்காலித் தொழிற்சாலை அது. யுத்தம் வந்ததும் நாற்காலி நின்றுபோனது. ராணுவத்துக்குப் பெட்டியும் கூடார முளையும் செய்து அலுத்துப்போயிருந்தவர்களிடம், ஒருநாள் மிஸ்டர் ஃபெல் என்ற ஒல்லி மனிதர் வரைபடச் சுருள் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். முன்பு படகு வரைந்தவர். இப்போது எஞ்சினே இல்லாத விமானம் ஒன்றை வரைந்திருந்தார். கிளைடர். பெரிய விமானம் ஒன்று கயிறு கட்டி அதை இழுத்துக்கொண்டு போகும். போக வேண்டிய இடம் வந்ததும் கயிற்றை விட்டுவிட்டால் அது பாட்டுக்கு மிதந்து வந்து ஏதாவதொரு வயலில் இறங்கிவிடும். உள்ளே ஒரு ஜீப், எட்டு சிப்பாய்கள். எலும்பு பீச், தோல் பிளைவுட், சேர்த்துப் பிடிப்பது பசை. பட்டாளத்திடம் ஏற்கெனவே கிளைடர்கள் இருந்தன. ஆனால் ஃபெல்லின் கிளைடருக்கு முகமே கதவு. தரை தொட்ட மறுகணம் முன்பக்கம் இரண்டாகப் பிளந்து, இடமும் வலமும் விரிந்து, உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியே ஓடிவிடலாம். அப்படி ஒன்று இதற்குமுன் யாரும் செய்ததில்லை. சோதனைக்கென்று ஒன்றே ஒன்று செய்யச் சொல்லியிருந்தார்கள். அரசாங்கம் அதற்கு எழுத்தும் எண்ணுமாக ஏதோ பெயர் வைத்தது. முன்கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்த அன்றே தொழிற்சாலைக்காரர்கள் அதற்குப் பீரோ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எனிட் மெருகுக்கூடத்தின் தலைவி. தேன்மெழுகையும் டர்பன்டைனையும் காய்ச்சிக் கலந்து, துணிப்பந்தில் தொட்டு, மரத்தின் ரேகையோடு சேர்த்துத் தேய்ப்பதுதான் பதினான்கு வயதிலிருந்து அவள் வேலை. பீரோவின் தரை அவள் கைக்கு வந்தபோது வரைபடத்தில் மெருகைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நாற்காலிக்காரர்கள் வழக்கத்தில், மெருகு வேண்டாம் என்றால்தான் எழுதுவார்கள். எழுதாவிட்டால் மெருகு உண்டு. விமானம் கட்டுகிறவர்கள் வழக்கமோ நேர் எதிர். இது எனிட்டுக்குத் தெரியாது, ஃபெல்லுக்கும் தெரியாது. ஆகவே அவளும் அவள் பெண்களும் முழங்கால் போட்டு அந்த நீளத் தரையை உப்புத்தாளால் தேய்த்து, மெழுகிட்டு, மறுபடி தேய்த்து, கூரையில் தொங்கிய விளக்கு கீழேயும் ஒன்று எரிவது போலத் தெரியும்வரை விடவில்லை. இருபக்க பெஞ்சுகளின் அடிப்பக்கத்தைக்கூட வழவழப்பாக்கினார்கள். அங்கே யார் தடவிப் பார்க்கப் போகிறார்கள் என்று அந்தப் பெண்களில் ஒருத்தியான பெஸ் கேட்டதற்கு, பயத்தில் இருக்கிறவன் பெஞ்சின் அடியைத்தான் பிடித்துக்கொள்வான் என்றாள் எனிட்.

அவள் மனதில் இருந்தவன் கிளெம். ஒரே பிள்ளை. கிளைடரில் போய் இறங்கும் பட்டாளத்தில் இருந்தான். போன ஈஸ்டருக்கு விடுப்பில் வந்தபோது, மார்கரின் தடவிய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் வேடிக்கையாகவே சொல்லிக்கொண்டிருந்தான். பறக்கும்போது யார் யார் தொப்பியில் வாந்தி எடுத்தார்கள், யார் கடவுளுக்கு என்ன நேர்ந்துகொண்டார்கள் என்றெல்லாம். ரொட்டி தீர்ந்ததும் வேடிக்கையும் தீர்ந்தது.

"பறக்கறது ஒண்ணுமில்லம்மா. இறங்கினதுக்கப்புறம் வெளியே வர்றதுதான். பக்கவாட்டுல ஒத்தைக் கதவு. முதல்ல போறவன் அடிபட்டு அதுல விழுந்துட்டான்னா, பின்னாடி இருக்கறவன் எல்லாம் உள்ளயே கிடக்க வேண்டியதுதான்."

அதன்பிறகு பீரோவின் முன்கதவு ஒவ்வொரு முறை விரியும்போதும் எனிட் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். இந்த ஒன்று தேறினால் இதைப்போல நூறு செய்வார்கள். நூறில் ஒன்றில் கிளெம் உட்காருவான். அவள் கேட்டது அவ்வளவுதான்.

முதல் சோதனை மே மாதத் தொடக்கத்தில், பக்கத்து விமானத் தளத்தில் நடந்தது. ஜீப்பின் எடைக்கு மணல் நிரப்பிய மரப்பெட்டிகளைத் தரையில் வரிசையாக வைத்துக் கயிறுகளால் கட்டியிருந்தார்கள். ஓட்டியவன் ஓவன் ப்ரோதெரோ என்ற வேல்ஸ்காரச் சார்ஜென்ட், கிளெம்மைவிட நாலைந்து வயது மூத்தவன், தனியாகத்தான் போனான். வேலிக்கு வெளியே தொழிற்சாலையே கூடி நின்றது. பீரோ புல்தரையைவிட்டு எழுந்தபோது வயதான தச்சர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். தாங்கள் இழைத்து ஒட்டிய மரம் ஒரு வீட்டளவு பெரிதாக ஆகாயத்தில் போவதைப் பார்த்து, பசைக்கூடத்து ஹியூபர்ட் மூக்கை உறிஞ்சினார். எனிட்டுக்கு நெஞ்சு விம்மியது. அவளுக்கு அப்படி ஒரு பெருமை கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

மரங்களின் உயரத்தைத் தாண்டியதும் பீரோவின் மூக்கு மேல்நோக்கித் தூக்கத் தொடங்கியது. கொஞ்சம்தான் முதலில். பிறகு தண்ணீர் குடித்த கோழி அண்ணாந்து பார்ப்பது போல நேராகத் தூக்கியது. இழுவைக் கயிறு விடுபட்டு ஆடியபடி போனது. பீரோ அந்தரத்தில் ஒரு கணம் அப்படியே தொங்கியது. எப்படியோ அதன் மூக்கு இறங்கியது, மறுபடி தூக்கியது, மறுபடி இறங்கியது. தள்ளாடித் தள்ளாடி வேலியோரமாக வந்து, டர்னிப் வயலுக்குள் இறங்கி, வேலிச்செடியில் ஒரு சிறகின் நுனியை விட்டுவிட்டு நின்றது. ஓவன் இரண்டு விலா எலும்புகளை உடைத்துக்கொண்டு தானாகவே இறங்கி வந்தான்.

காரணம் கண்டுபிடிக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மேலே ஏறும்போது மணல் பெட்டிகள் அத்தனையும் கயிற்றை இழுத்துத் தளர்த்திக்கொண்டு, மெழுகிட்ட தரையில் வழுக்கி, வால்பக்கம் போய்க் குவிந்துவிட்டன. கயிறு பாதி, தரையின் பிடிப்பு பாதி என்று கணக்குப் போட்டிருந்தார் ஃபெல். தரையின் பாதியை எனிட் துணிப்பந்தால் துடைத்து எடுத்துவிட்டிருந்தாள். ஃபெல் அவளைத் திட்டவில்லை. மெருகு போடாதே என்று எழுதத் தனக்குத் தோன்றவில்லை, அது தன் பிழை என்றார். முதலாளியும் திட்டவில்லை, அவரே காலுறையோடு நடந்து மெச்சிய தரைதானே. யாராவது திட்டியிருந்தால் எனிட்டுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு நாள் அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. அந்த மெழுகு ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்தது. கிளெம் உட்கார வேண்டிய பீரோவையும் சேர்த்தே கொல்லப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை பெஸ்ஸைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, சேர்த்து வைத்திருந்த சர்க்கரையில் செய்த ஒரு சின்னக் கேக்கோடு, தளத்து மருத்துவமனைக்குப் போனாள். மார்பைச் சுற்றிக் கட்டுப்போட்டு ஓவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். வழியெல்லாம் சொல்லிப் பழகிய வார்த்தைகளை அவள் தொடங்குமுன்பே அவன் சிரிக்க ஆரம்பித்து, வலியில் விலாவைப் பிடித்துக்கொண்டான்.

"மிஸ்ஸஸ் ரேக்லி, உங்க தரையில பால்ரூம் டான்ஸ் ஆடலாம். திரும்பிப் பார்க்கறேன், பெட்டிங்க எல்லாம் ஜோடி ஜோடியா ஆடிக்கிட்டே போகுது."

எனிட் அழுதுவிட்டாள். அவன் பயந்துபோய்ப் பெஸ்ஸைப் பார்த்தான். பெஸ், அது அழட்டும், இரண்டு நாளாக அடக்கி வைத்திருக்கிறது என்றாள். அவன் கேக்கை மூன்றாக வெட்டச் சொன்னான். பிறகு வேடிக்கையை விட்டுவிட்டுப் பேசினான். அவன் ஓட்டிய மற்ற கிளைடர்களெல்லாம் பழைய பிரம்புக்கூடை போலக் கிறீச்சிடுமாம். இது ஒரு சத்தம் போடவில்லையாம். வால்பக்கம் அத்தனை கனம் போய்ச் சேர்ந்தபிறகு வேறு எதுவாக இருந்தாலும் அந்த இடத்திலேயே உடைந்திருக்கும் என்றான்.

"கைப்பிடியை முன்னால தள்ளிப் பிடிச்சுக்கிட்டு, இறங்குடி தாயேன்னேன். கடைசி வரைக்கும் என் பேச்சைக் கேட்டுச்சு. அந்த மாதிரி ஒண்ணை நான் ஓட்டினதே இல்ல. தரையை மட்டும் சரி பண்ணிக் குடுங்க, நான் மறுபடி ஏறறேன்."

உடைந்த விலாவோடு ஒருவன் இப்படிச் சொல்வான் என்று எனிட் எதிர்பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியில், எவ்வளவு நல்ல பிள்ளை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நாலாவது தடவை சொன்னபோது பெஸ், வெட்டின மூன்று துண்டு கேக்கையும் அவனிடமே விட்டுவிட்டு வந்ததைப் பற்றியும் கொஞ்சம் பேசலாமே என்றாள்.

புதுத் தரை போட மரமும் இல்லை, அவகாசமும் இல்லை. சிறகு நுனியைத் தச்சர்கள் சரிசெய்தார்கள். தரையை வேறு யாரும் தொடக்கூடாது என்றாள் எனிட். போட்டவளே எடுக்கிறேன் என்றாள். சுடுநீரில் சோடா கரைத்து ஊற்றி, முரட்டு பிரஷ்ஷால் தேய்த்து, மெழுகைக் கக்க வைத்தாள். தரை வெளுத்து, நோயாளி முகம் போல ஆனது. அது போதாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. மெழுகு மரத்துக்குள்ளே இறங்கியிருந்தது.

அந்தத் தொழிலில் பல் இழைப்புளி என்று ஒன்று உண்டு. மற்ற இழைப்புளிகள் மரத்தை வழவழப்பாக்கும். இதன் அலகில் வரிசையாகப் பல் இருக்கும், இது கீறும். ஒரு பலகைமேல் இன்னொன்றை ஒட்டுவதற்கு முன்னால் பசை பிடிப்பதற்காகக் கீறிவிடுவார்கள். கீறின பக்கம் உள்ளே மறைந்துபோகும், பார்க்கிறவர் கண்ணில் படவே படாது. மேல்பக்கத்தை, அதுவும் மெருகேறிய மேல்பக்கத்தை, யாரும் அதால் தொட்டதில்லை. ஹியூபர்ட் தன் இழைப்புளியைக் கொண்டுவந்து எனிட்டின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு அங்கே நிற்கப் பிடிக்காமல் போய்விட்டார். எனிட் முழங்கால் போட்டாள். முதல் இழுப்பில் வந்த சத்தம் பல்லைக் கூச வைத்தது. மரத்தின் ரேகைக்குக் குறுக்கே, ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை, பிறகு சாய்த்து, பிறகு எதிர்ப்பக்கம் சாய்த்து. பெஸ்ஸும் மற்றப் பெண்களும் தலைக்கு ஓர் இழைப்புளியோடு பின்னால் வந்தார்கள். தான் செய்ததிலேயே ஆகச் சிறந்த வேலை இதுதான் என்று நினைத்திருந்ததை எனிட் தன் கையாலேயே கீறிக் கெடுத்தாள். கெடுக்கும்போதும் அவள் கை சும்மா இருக்கவில்லை. கீறல்கள் கோணாமல், ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் விழுந்தன. முடிந்தபோது தரை முழுவதும் கட்டம் போட்ட துணி விரித்தது போல இருந்தது. ஃபெல் வந்து குனிந்து உள்ளங்கையை வைத்துத் தள்ளிப் பார்த்தார். கை நகரவில்லை. உள்ளங்கையில் சிவப்பாகக் கட்டம் பதிந்திருந்தது.

ஆனால் தரை சரியானதோடு கதை முடியவில்லை. அமைச்சக அதிகாரி மறுபடி வந்தார். முதலாளியின் அறையில் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு, நேர்மையாகவே பேசினார். மணல் பெட்டி வேறு, மனிதர்கள் வேறு. மனிதர்கள் அசைவார்கள், பயப்படுவார்கள், ஒரு பக்கமாகச் சாய்வார்கள். ஆள் ஏறிப் பறக்காதவரை தன்னால் இதற்கு ஒப்புதல் எழுத முடியாது. பட்டாளமோ, ஒருமுறை விழுந்த கிளைடரில் ஒரு சிப்பாயைக்கூட ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டது. ஆகவே இந்த மாதத்தோடு இதை மூடிவிடலாம், உங்கள் எல்லோருடைய உழைப்புக்கும் நன்றி என்று முடித்துவிட்டுத் தொப்பியை எடுத்தார். ஃபெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய காது மடல் சிவந்திருந்தது.

எனிட் கூட்டத்தில் பேசிப் பழகாதவள். கதவோரமாக நின்றிருந்தவள், ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"உக்காந்து பாக்காத நாற்காலி ஒண்ணுகூட இந்த வாசலைத் தாண்டிப் போனதில்லைங்க. செஞ்சவங்கள்ல யாராவது ஒருத்தர் உக்காந்துட்டுத்தான் வண்டியில ஏத்துவோம். இதுல எட்டு சீட் இருக்கு. நாங்க இன்னும் உக்காரலை."

அந்த வழக்கம் அங்கே முதலாளியின் தாத்தா காலத்திலிருந்து இருந்தது. நாற்காலி சின்னக் குழந்தைக்கானதாக இருந்தாலும் யாராவது இடுப்பை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுந்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

"அது நாற்காலி, எனிட்" என்றார் முதலாளி.

"இதுவும் உக்கார்றதுக்குத்தானே சார்."

அதிகாரி தொப்பியை மறுபடி மேசைமேல் வைத்தார். இது விதியில் இருக்கிறதா இல்லையா என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில், சம்மதித்தவர்கள் மட்டும், அவரவர் பொறுப்பில், அடுத்த வியாழக்கிழமை என்றார். ஃபெல் முதல் ஆளாகக் கை தூக்கினார். ஹியூபர்ட்டும் தச்சர்களில் நால்வரும் தூக்கினார்கள். பெஸ் தூக்கியபோது, உனக்கென்னடி அவசியம், வீட்டில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்று எனிட் காதோரம் கடிந்தாள்.

"நீ மட்டும் போய்ட்டு வந்தா ஆயுசு முழுக்க அதையே பேசிக் கொல்லுவ. அதுக்கு இது மேல்" என்றாள் பெஸ்.

எனிட் அதுவரை ஏணியில்கூடக் கூரை உயரம் ஏறியதில்லை. வியாழக்கிழமை காலை கம்பளிக் கோட்டும், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியும், தொப்பிமேல் ஒரு கைக்குட்டைக் கட்டுமாகப் போய் நின்றாள். மணல் பெட்டிகள் அதே பெட்டிகள்தான். முன்பு நழுவியவற்றையே வைக்க வேண்டும் என்பது அதிகாரியின் உத்தரவு. பெஞ்சுகள் இருபக்கச் சுவரோரமும். பெட்டிகள் நடுவில், அவர்கள் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி. ஒவ்வொரு பெட்டியைச் சுற்றியும் ஃபெல் சாக்பீஸால் கோடு போட்டார். கடைசியாக ஓவன் வந்தான். சட்டைக்குள் கட்டு இன்னும் புடைத்துக்கொண்டிருந்தது. ஏறும்போது பூட்ஸைக் கழற்றுவது போலப் பாவனை செய்துவிட்டு எனிட்டைப் பார்த்துக் கண்ணடித்தான். வெளியே வேலியோரம் ஒரு லாரியில் சிப்பாய்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஏறுவதற்கல்ல, பார்ப்பதற்கு.

கயிறு இறுகியதும் பீரோ ஓர் உலுக்கு உலுக்கி ஓடத் தொடங்கியது. புல்தரையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் முதுகெலும்பில் வந்து மோதியது. பிறகு திடீரென்று எதுவும் மோதவில்லை. எழுந்துவிட்டோம் என்பது எனிட்டுக்கு அப்படித்தான் தெரிந்தது. அவள் ஜன்னல் பக்கம் பார்க்கவேயில்லை. சாக்பீஸ் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைகள் தாமாகவே பெஞ்சின் அடிப்பக்கத்தைப் பிடித்திருந்தன. எதிரே ஃபெல், தான் வரைந்த விமானத்தில் வாழ்க்கையில் முதல்முறையாகப் பறந்துகொண்டிருந்த மனிதர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, மிகவும் மரியாதையாக அதற்குள் வாந்தி எடுத்தார். ஹியூபர்ட் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மூக்கு தூக்கியது. முன்பு தூக்கிய அதே உயரம். மணல் பெட்டிகளின் கயிறுகள் முனகின. அப்போது முன்னால் போன விமானம் ஏதோ காற்றுச்சுழலில் விழுந்து எழுந்திருக்க வேண்டும். இழுவைக் கயிறு தொய்ந்து, மறுபடி சுண்டி இழுத்தது. பீரோ முழுவதும் அதிர்ந்தது. எனிட்டுக்கு நேர் எதிரே இருந்த பெட்டி நகர்ந்தது. அவள் கண்ணாலேயே பார்த்தாள். வெள்ளைக்கோட்டைத் தாண்டி, ஒரு விரல் அகலம். கிளெம், என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது. பெஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பெட்டி ஒரு விரல் அகலம் வந்து, எனிட் குறுக்கே போட்ட கீறல்களில் அடி மாட்டி, கரகரவென்று ஒரு சத்தத்தோடு நின்றது. நின்றது நின்றதுதான். கயிறு அடுத்துச் சுண்டி இழுத்தபோதும் அசையவில்லை. அதற்கடுத்து இழுத்தபோதும் அசையவில்லை. அந்தக் கரகரப்பு அவளுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதை அவளால் பிறகு யாருக்கும் சரியாகச் சொல்லவே முடியவில்லை.

ஓவன் கையைத் தூக்கிக் காட்டினான். பட்டென்று ஒரு சத்தம், கயிறு போய்விட்டது. இரைச்சலும் அதோடு போய்விட்டது. பிளைவுட்டின்மேல் காற்று தடவிப்போகும் மெல்லிய ஓசை தவிர ஒன்றுமில்லை. ஒரு கிறீச் இல்லை, ஒரு முனகல் இல்லை. ஓவன் சொன்னது சரிதான். எனிட் அப்போதுதான் தைரியம் வந்து ஜன்னலைப் பார்த்தாள். சாய்ந்து திரும்பிய சிறகுக்குக் கீழே பீச் காடு இளம்பச்சையாகக் கிடந்தது. அதன் ஓரத்தில் தொழிற்சாலைப் புகைபோக்கி. அந்தக் காட்டிலிருந்து வந்த மரத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தக் காட்டையே மேலிருந்து பார்க்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவ்வளவு அழகாக ஒன்றைச் செய்துவிட்டோமே என்றிருந்தது. ஓவனின் பின்கழுத்தைப் பார்த்தாள். உடைந்த விலாவை வைத்துக்கொண்டு, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிறவன் போல அவன் அவர்களைக் கீழே கொண்டுவந்துகொண்டிருந்தான்.

புல் உரசியது. ஒரு குதி, இன்னொரு குதி, நீளமாக ஓர் இழுபடல். நின்றது. ஓவன் ஏதோ நெம்புகோலை இழுக்க, முன்பக்கம் இரண்டாகப் பிளந்து, மே மாத வெளிச்சம் மொத்தமாக உள்ளே வந்து விழுந்தது. அவன் திரும்பி, எல்லோரும் இருக்கிறீர்களா என்று கேட்டான்.

"உடம்பு வந்துடுச்சு சார்ஜென்ட். உசிரு பின்னாடி வந்துக்கிட்டிருக்கு" என்றாள் பெஸ்.

அதிகாரி புல்தரையில் நடந்து வந்தார். அவர் முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முடியாத முகம் வைத்துக்கொள்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அவருக்குப் பின்னால் லாரியிலிருந்து குதித்த சிப்பாய்கள் வந்தார்கள். முதல்நாள் மழையில் தளம் சேறாகிக் கிடந்தது. ஆணி அடித்த பூட்ஸெல்லாம் கணுக்கால்வரை சேறு. சரிவுப் பலகையின் அடியில் வந்ததும் அதிகாரி நின்றார். உள்ளே உட்கார்ந்திருந்த எனிட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து பூட்ஸ் கயிற்றைப் பிடித்தார். அவரைப் பார்த்துவிட்டு, பின்னால் வந்த சிப்பாய்களும் என்ன ஏதென்று தெரியாமல் புல்லில் கால்களைத் தேய்க்க ஆரம்பித்தார்கள்.

"கழட்டாதீங்க" என்றாள் எனிட். "யாரும் தொடைக்காதீங்கப்பா. அப்படியே ஏறுங்க."

ஒரு கணம் தயங்கிவிட்டு அவர்கள் ஏறினார்கள். ஆணிகள் தரையில் கறமுறவென்று பதிந்து கீறிக்கொண்டு வந்தன. மாதம் ஒன்றுக்கு முன் அந்தச் சத்தம் கேட்டிருந்தால் அவள் துடைப்பத்தோடு துரத்தியிருப்பாள். இப்போது கால்களை மடக்கி வழிவிட்டு உட்கார்ந்திருந்தாள். செம்பட்டை முடிக்கார இளைஞன் ஒருவன் பெஸ் எழுந்து விட்டுக்கொடுத்த, அவள் பக்கத்து இடத்தில் வந்து உட்கார்ந்தான். துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, குனிந்து பெஞ்சின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தான். பிறகு விரிந்து கிடந்த முன்வாசலை, எழுந்தால் நாலே எட்டில் போய்விடக்கூடிய அந்த வெளிச்சத்தைப் பார்த்தான். இரண்டு குதிகாலையும் தரையில் அழுத்தி ஊன்றினான். பூட்ஸிலிருந்து வழிந்த சேறு அவள் போட்ட கீறல்களில் ஒவ்வொன்றாக நிறைந்து, ஃபெல்லின் சாக்பீஸ் கோட்டை அழித்துக்கொண்டு, அவளுடைய காலணி முனைவரை மெதுவாக வந்தது. எனிட் காலை நகர்த்தவில்லை.